ஊருக்கொரு சாவு

பயப்படாதீர்கள் தம்பி. பைக்குள் இருப்பது கைக்குழந்தை இல்லை, பொம்மை. துணிப்பொம்மை. கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று நீங்கள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். போன வாரம் இதே பஸ்ஸில் ஒரு அம்மா, "புள்ளைய இப்படியா பையில அமுக்கிக் கொண்டுபோவாங்க, பாவி!" என்று கத்தி, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, போலீசு வந்து, இன்ஸ்பெக்டர் பொம்மையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கேசு கெடக்கட்டும் பெரியவரே, எங்க ஊட்டுக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

இல்லை, அப்படியெல்லாம் நடக்கவில்லை. அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மீதி நான் சேர்த்தது. பழக்க தோஷம்.

நீங்கள் எதுவரை? கரூரா. நல்லதாகப் போயிற்று. எனக்குக் கரட்டுப்பாளையம் பிரிவு, ஊருக்கு ரோடு பிரிகிற நிறுத்தம், காங்கேயம் தாண்டி இருபது நிமிஷம். அதற்குள் உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, காதைக் கொடுத்தால் போதும். என் வீட்டுக்காரி பழனாத்தாள் அந்தப் பிரிவில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதமாக இருக்கிறாள். நான் போய், அவள் முகத்தைப் பார்த்து, ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடி ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே என்னோடு திருப்பூர் வந்துவிடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் பொய் சொல்கிற இலாகா முழுக்க என்னிடம்தான் இருக்கிறது.

அதை முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கலாமென்று. வாய் பழக வேண்டும் அல்லவா?

என் பெயர் சென்னியப்பன். பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருபத்தெட்டு வருஷம். அவள் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. கம்பெனியை மூடிய பிறகு வயசான எங்களை யார் கூப்பிடுவார்கள்? அப்போதுதான் அவள் பொம்மை தைக்க உட்கார்ந்தாள்.

துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளைக் கட்டிங் வேஸ்ட் என்போம். மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வண்டி துடைக்க ஒர்க்‌ஷாப்காரன் வாங்குவான். இவள் பொம்மைக்கு வாங்கினாள். சந்தன நிறம், மாநிறம், காப்பி நிறம் என்று பிரித்து வைப்பாள். அதெல்லாம் உடம்புக்கு. பொடித் துண்டையெல்லாம் பஞ்சோடு சேர்த்து உள்ளே திணிப்பாள். கை, கால், தலை தனித்தனி. எல்லாம் சேர்ந்த பிறகுதான் முகம். கண், மூக்கு, வாய் மூன்றும் நூல் வேலை. முகம் போடும்போது பேசமாட்டாள், யாரையும் பேசவும் விடமாட்டாள்.

அவள் பொம்மையில் ஒரே ஒரு குறை. முடி. எல்லாவற்றுக்கும் கறுப்பு உல்லன் நூலில் அரை அங்குலம்தான் வைப்பாள். பாவாடை கட்டியிருப்பதால்தான் பெண்பிள்ளை என்றே தெரியும். "ரெட்டைச் சடை போட்டு ரிப்பனக் கட்டு அம்மணி, இன்னும் நாலு பேரு கேப்பாங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "முடி வளரட்டுங்க" என்பாள். பொம்மைக்கு எங்கே தம்பி முடி வளரும்? அவளுக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

தைப்பது அவள். விற்பது நான். மகளிர் குழுக் கண்காட்சி, கைவினைச் சந்தை, கோடை விழா என்று எங்கே கடை போட இடம் கொடுத்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு கயிறு, கயிற்றில் தொங்குகிற பொம்மைகள். அது மட்டும் இருந்தால் யார் வாங்குவார்கள்? துணிப்பொம்மை ஊருக்கு ஊர் இருக்கிறது. கதை என்னிடம்தான் இருந்தது.

ஒரு பொம்மையை எடுத்துக் காட்டி, "கண்ணு, இவ தாராபுரத்துல ஆத்துல விழுந்துட்டா. அமராவதி இழுத்துட்டுப் போயி கரூர்ல கரையேத்தி உட்டுருச்சு. ஈரத் துணியோட பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயி, அரை டிக்கெட் எடுத்து, திருப்பூர் வந்து கதவத் தட்டறா" என்பேன். அல்லது, காங்கேயத்தில் ஒரு காளை இந்தப் பொம்மை முகத்தைப் பார்த்தால்தான் தீனி எடுக்கும், இல்லாவிட்டால் மூன்று நாள் பட்டினி கிடக்கும் என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். பிள்ளை சிரித்தால் பெற்றவர்கள் கை பைக்குள் போகும். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பழனாத்தாளும் சிரிப்பாள். "ஏனுங்க, அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா, ஒண்ணாச் சொல்லுங்க. சேலத்துல முழுசுன்னீங்க" என்பாள். "சேலத்துல செக்கிங் இன்ஸ்பெக்டர் இருந்தான் அம்மணி" என்பேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அப்படித்தான் இருந்தோம். கொடைக்கானல் போகும்வரை.

அங்கே கோடை விழா. மூன்று நாள் விடாத மழை. தார்ப்பாய் ஒழுகிப் பொம்மை வயிறெல்லாம் ஈரம். அவள் ஒவ்வொன்றாகக் குண்டு பல்பு பக்கத்தில் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மை போகவில்லை. ஆற்றுக் கதை சொன்னேன், காளைக் கதை சொன்னேன். குளிரில் யாருக்குச் சிரிப்பு வரும்? நாலாவது நாள் சாயங்காலம் ஒரு அம்மா குடையோடு வந்தாள். ஒரு பொம்மையை எடுத்தாள். எடுத்தவள் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தெரிந்து செய்ததில்லை, கை தானாகச் செய்தது. பிறகு விலையைக் கேட்டாள், திரும்ப மேஜையில் வைக்கப் போனாள்.

அப்போது சொன்னேன் தம்பி. எப்படி வாயில் வந்ததென்று எனக்கே தெரியாது. "வெச்சிருங்க அம்மணி. அது விக்கறதுக்கில்லீங்க. எங்க பொண்ணு சாடை அது. பாம்பு கடிச்சுப் போயிட்டா. அவங்கம்மா அந்த முகத்தையேதான் தெச்சுட்டு இருக்குறா."

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விற்பதற்கில்லை என்று சொன்னதில் மூன்று வாங்கிக்கொண்டு போனாள்.

சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன். பழனாத்தாள் ஊசியைத் துணியில் குத்தினவள் மறுபக்கம் இழுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மழைக்கு விரல் மரத்துப்போயிருக்கும்.

மகள் இருந்தாளா என்று கேட்கிறீர்கள். இருந்தாள். கலாமணி. ஒரே பிள்ளை. நாலு வயசில் போய்விட்டாள். அதைத்தானே சொல்ல வந்தேன். பொறுங்கள், வருகிறேன்.

அந்த வருஷம் முழுக்க அந்தக் கதைதான். ஊட்டியில் ஏரி. ஏற்காட்டில் பாறைச் சரிவு. பாண்டிச்சேரியில் கடல். சென்னையில் தண்ணீர் லாரி. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், ஊட்டியில் போய்க் கடல் இழுத்துக்கொண்டு போனது என்றால் யாராவது நம்புவார்களா? அந்தந்த ஊருக்குத் தகுந்தாற்போல் சொல்வதுதானே தொழில். வயசும் அப்படித்தான். வாங்க வருகிற அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசுப் பெண் நின்றால் கலாமணிக்கும் ஐந்து. எட்டு என்றால் எட்டு. ஒருதரம் காலேஜ் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பன்னிரண்டாவதில் கலாமணி மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தாள் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு மார்பு விம்மிற்று. முதலாவது என்றே வைத்திருக்கலாம். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று இரண்டாவதாக வைத்தேன். அவர்களில் ஒரு பெண், "டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசைப்பட்டாங்களா தாத்தா?" என்று கேட்டாள். இல்லை அம்மணி, டாக்டர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன்.

பழனாத்தாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் முதலில் கவனிக்கவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைப்பாள். ஊட்டியில் ஒருநாள் பார்த்தால் இரண்டு காதிலும் பஞ்சு. பொம்மைக்குத் திணிக்கிற பஞ்சு. குளிர் காதுக்குள் போகிறது போல என்று நினைத்து ஒரு மப்ளர் வாங்கிக் கொடுத்தேன். பாண்டிச்சேரியில் வேர்வை ஆறாக ஓடுகிற வெயிலிலும் காதில் பஞ்சோடுதான் இருந்தாள். வயசானால் சிலருக்கு அப்படி ஆகும்.

அங்கிருந்து திரும்பி வரும்போது, ரயிலில், "ஏனுங்க, அந்த பொம்ம ஆத்துல போன கதையவே சொல்லுங்களேன். அது நல்லா இருக்குதுங்க" என்றாள்.

"அது இப்ப ஓடறதில்ல அம்மணி" என்றேன்.

"ஓடாட்டிப் போகுதுங்க."

"அப்பறம் சோத்துக்கு?"

அவள் பஞ்சை எடுத்துத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

காங்கேயம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இந்த முறை வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கோயம்புத்தூருக்கு வருகிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள் சந்தை. நமக்கு இடப்பக்கம் ஊறுகாய்க் கடை. அந்தக் கடைக்காரி வாய்த்துடுக்கு. ஊர் ஊராக எங்களோடு வருகிறவள், என் கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். காலையில் கடை திறக்கும்போதே, "தாத்தோவ், இன்னைக்கு என்னங்க, லாரியா ஏரியா?" என்பாள். நானும், "பேரூருக்குக் கோயிலுக்குப் போறவங்க கூட்டம் வருது, ஆத்தையே வெச்சுக்கலாம்" என்பேன். விளையாட்டுக்குத்தான்.

ஆறாம் நாள் மத்தியானம். ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் லாரிக் கதையைப் பாதி தூரம் ஓட்டிவிட்டேன். பிரேக் பிடிக்கிற இடம். அந்த நேரம் பார்த்து, ஐந்து வயசிருக்கும், ஒரு சின்னப் பெண் கூட்டத்துக்குள் நுழைந்து மேஜை மேல் ஒரு பொம்மையை வைத்தாள். கை பிய்ந்து பஞ்சு தொங்கியது. "தாத்தா, இவளுக்குக் கை வலிக்குது" என்றாள். பின்னாலேயே அவள் அம்மா. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. குடையோடு வந்தாளே, கொடைக்கானலில், அந்த அம்மா.

அவள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். வந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "ஏங்க, பாம்பு கடிச்சதுன்னுதான சொன்னீங்க?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லைங்க. இவளை எழுப்பி எழுப்பிப் பாத்துட்டே இருந்தேன்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு வாய்தான் உதவும், வேறு என்ன இருக்கிறது? "அது மூத்தவ அம்மணி" என்றேன். "லாரியில போனது ரெண்டாமவ."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான். என்ன பண்றது, கொடுப்பின இல்ல."

ஊறுகாய்க்காரி சும்மா இருக்கக் கூடாதா? "அப்ப பாண்டிச்சேரிக் கடல்ல போனது மூணாமவளா தாத்தோவ்?" என்றாள். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி, "அது..." என்று ஆரம்பித்தேன். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாமவளுக்கு ஒரு பெயர்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. பழனாத்தாள் எழுந்து வந்தாள். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து மேஜை மேல் வைத்தாள். என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள். அவள் கடையின் முன்பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"எங்களுக்கு ஒரே புள்ளைங்க" என்றாள். "பேரு கலாமணி. நாலு வயசு. பாம்பும் கடிக்கல, லாரியும் ஏறல. காச்சல். நாலு நாளா அடிச்ச காச்சல். டாக்டரு எத்தன நாளாச்சுன்னு கேட்டாரு. இவரு, நேத்து ராத்திரி இருந்துதானுங்கன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். புள்ள என்ற தோள்லதான் இருந்துச்சு. நான் வாயத் தொறக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பனியனில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

பிறகு ஊசியில் நூல் கோத்து, அந்தப் பெண்ணின் பொம்மைக்குக் கையைத் தைத்தாள். நிறுத்தி நிதானமாகத் தைத்தாள். அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "இனி வலிக்காது சாமி" என்று குழந்தையிடம் கொடுத்தாள். அந்த அம்மா காசு நீட்டினாள். இவள் வாங்கவில்லை. ஊசி டப்பாவையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டுப் போய்விட்டாள். பாதி முகம் போட்ட பொம்மை ஒன்று ஸ்டூல் மேலேயே கிடந்தது. இந்தப் பைக்குள் இருப்பது அதுதான்.

எனக்குக் கோபம் வராதா? முப்பத்தெட்டு வருஷம் தம்பி. பிள்ளை போன அன்றும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டேன். தனியாக இருக்கும்போது, வீட்டுக்குள், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனே! ஊறுகாய்க்காரி முன்னாலா கேட்பது? ஒன்றைப் பெற்றவளுக்கு இரண்டு என்று சொன்னது பொறுக்கவில்லை, அதுதான் காரணம். இரண்டாமவளை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது. மூத்தவளைச் சமாளித்திருக்கலாம்.

ஒன்றரை மாதம் வீம்பாக இருந்தேன். பிறகு அவள் தம்பி செல்லமுத்து ஆள்விட்டான். போனேன். "வாங்க மச்சான்" என்று கட்டிலை இழுத்துப் போட்டான். பழனாத்தாள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கோவிச்சுக்கலீங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. என்ற மூஞ்சியப் பாத்து, அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. நான் சொன்னாப் பத்தாதுங்க. நீங்க சொல்லோணும். சொல்லிட்டீங்கன்னா அடுத்த பஸ்ஸுக்கு நான் ரெடி."

இது ஒரு பெரிய விஷயமா? எதையெல்லாம் சொன்ன வாய் இது! ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்தது. டாக்டர் எத்தனை நாள் என்று கேட்ட இடம் வரை வந்தது. அங்கே வந்ததும், "அந்த டாக்டருக்குக் கொஞ்சம் காது மந்தம் அம்மணி, நான் நாலுன்னுதான் சொன்னேன்..." என்று போய்விட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை போனேன். கம்பவுண்டர் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று வந்தது. எழுந்து போய்விட்டாள். அதற்கடுத்த திங்கள், சீட்டு எழுதுகிற நர்சு மேல் போயிற்று. எழுந்து போய்விட்டாள். நாலாம் முறை ஒன்றும் சொல்லாமல் அழுதுவிடலாம் என்று அழுதேன். நல்ல அழுகை. செல்லமுத்துவின் பெண்டாட்டி என்னைப் பார்த்து அழுதாள், செல்லமுத்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். பழனாத்தாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்வரை காத்திருந்து, "சரிங்க, இப்பச் சொல்லுங்க" என்றாள். போன வாரம் ஐந்தாம் முறை. வாயைத் திறந்தால்தானே பொய் வரும் என்று திறக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன். பஸ் ஏறினேன்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் நாக்கு தடம் பிடித்துக்கொள்ளும். அதுதான் இன்று உங்களைப் பிடித்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. சொல்லட்டுமா?

அப்போது நாங்கள் அவிநாசிப் பக்கம் குடியிருந்தோம். பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து ஒரு மாதம். அரை அங்குலம் முடி வளர்ந்திருந்தது. தடவினால் கைக்குக் குறுகுறுவென்று இருக்கும். தடவச் சொல்லித் தலையைக் கொண்டுவந்து நீட்டுவாள். திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. சூடு பிடித்திருக்கும் என்றேன். செவ்வாய், புதன் கஷாயம் கொடுத்தோம். கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். லீவு கேட்டால் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை பிள்ளையோடு நின்றாள். மூணு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னாள். டாக்டர் நல்லவர்தான், ஆனால் கோபக்காரர். "மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்த? பெத்ததா, வழியில கெடந்து எடுத்ததா?" என்று கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தது நாங்கள். "எத்தன நாளாச்சு?" என்றார். நான், "நேத்து ராத்திரி இருந்துதானுங்க" என்றேன். அதோடு நிற்கவில்லை. "நேத்து சாயங்காலம்வரைக்கும் நல்லா ஆடிட்டு இருந்துச்சுங்க, ராட்டினத்துல போகோணும்னு அழுதுச்சுங்க" என்று இரண்டும் சேர்த்தேன். டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க" என்று ஒரு மருந்தும் மாத்திரையும் எழுதி, "ரெண்டு நாள் குடுங்க, குறையலன்னா கூட்டிட்டு வாங்க" என்றார். நல்ல தகப்பன் என்று முதுகில் தட்டினார்.

வெளியே படியில் இறங்கும்போது பழனாத்தாள் என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்ச் சொல்ல ஆறு படிதான் ஏற வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. "ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொல்லிட்டாரே, வா" என்றேன். இரண்டு நாள் கொடுத்தோம். சனிக்கிழமை விடிந்தபோது கலாமணி இல்லை.

அவ்வளவுதான்.

பார்த்தீர்களா தம்பி? வந்துவிட்டது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீங்கள்தான் நடுவில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் சொன்ன எந்தக் கதைக்கும் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. பாம்புக்கு அழுதார்கள், கடலுக்கு அழுதார்கள். பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது என் காதிலும் விழுந்துவிட்டது. இதற்குமுன் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், என் வாயால் கேட்டதில்லை. பெரிய பொய்கூட இல்லை தம்பி. ஒரு நாளா நாலு நாளா. நான் ஒருநாளைக்குச் சொல்வதில் அது எந்த மூலைக்கு?

உங்களிடம் சொல்லிவிட முடிகிறது. உங்கள் தோளில் அவள் கிடந்ததில்லை. நீங்கள் கரூரில் இறங்கி உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அங்கே நான் "எத்தன நாளாச்சுன்னு கேட்டாரு" என்று சொல்லி நிமிர்ந்தால், எதிரே தரையில் உட்கார்ந்திருப்பது அந்தத் தோள்.

ஒன்று செய்கிறீர்களா? என்னோடு இறங்குங்கள். ஐந்தே நிமிஷம். "சொல்லிட்டாருங்க, நான் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். சொன்னேன் என்று நான் போய்ச் சொன்னால் அவள் எதை வைத்து நம்புவாள்?

வேண்டாம். உங்களுக்கும் வேலை இருக்கும். அவள் கேட்டதும் அது இல்லை.

அதோ, வேப்பமரத்தை ஒட்டி ஓட்டு வீடு, தெரிகிறதா? வாசலில் பச்சைச் சேலையில் நிற்கிறாளே, அவள்தான். திங்கட்கிழமை வருவேன் என்று தெரியும். பஸ் நின்றால் படிக்கட்டைத்தான் பார்ப்பாள். பாருங்கள், பையை வேறு கட்டி வைத்திருக்கிறாள் பக்கத்தில். இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு யார் சொன்னது?

கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள் தம்பி. இன்னும் கொஞ்சம். அந்த ஜன்னலை மறைக்கிற மாதிரி.

கண்டக்டரே, ரைட் குடுங்க. இங்க எறங்க ஆளில்லீங்க.